தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை டிராஃப்ட் வழியாகப் பழுது பார்ப்பது எப்படி: அறிகுறி வாரியாக ஒரு ரசிகரின் கையேடு

இது உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கும் ஆட்டத்தைப் பற்றியது அல்ல. இரு முனையும் கூர்த்த பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது. என்.எஃப்.எல். லீக்கின் 32 அணிகளில் எந்தக் காலத்திலும் நான்கைந்து அணிகள் பழுதாகிக் கிடக்கும். அவற்றின் ரசிகர்களுக்குச் செப்டம்பரில் தொடங்கும் சீசன் நவம்பரிலேயே முடிந்துவிடும். பிறகு ஏப்ரல் கடைசியில் வரும் டிராஃப்ட் ஒன்றுதான் கதி.

என் அணி கிளீவ்லாந்து பிரௌன்ஸ். கிளீவ்லாந்து என்றதும் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனை நினைவுக்கு வரும். அதே வசந்த காலத்தில் அதே ஊரில் இன்னொரு கூட்டம் வேறு வகைப் பக்தியோடு தொலைக்காட்சி முன் உட்காரும். 2016, 2017 இரண்டு சீசன்களையும் சேர்த்து 32 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்ற அணி இது. 2017-ல் பதினாறுக்குப் பதினாறும் தோல்வி. 2018 ஜனவரியில் உடம்பை உறைய வைக்கும் குளிரில் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் வந்தார்கள். பூஜ்யம் போட்டுக் காட்டுவதுதான் நோக்கம். இப்படி ஒரு கையேடு எழுத உனக்கென்ன தகுதி என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள்.

தொடங்கும் முன்

டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மொத்தம் ஏழு சுற்று. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்றாண்டு ஆனவர்களைத்தான் எடுக்கலாம். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை, சாம்பியனுக்குக் கடைசி உரிமை. இந்த உரிமையை ரசிகர்கள் பிக் என்பார்கள். பிக்கை இன்னோர் அணிக்கு விற்கலாம். அடுத்த ஆண்டு பிக்கைக்கூட இப்போதே விற்கலாம். பழுதுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது, நல்ல வீரர்கள் பணக்கார அணிகளுக்கே போனார்கள். 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பிக் அவருக்கே கிடைத்தது, ஜே பெர்வாங்கரை எடுத்தார். பெர்வாங்கர் என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்ட் வரலாற்றின் முதல் பிக்கே வீண் என்பதை முடிவுவரை மறக்காமல் வைத்திருங்கள்.

உங்கள் அணியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். எல்லாமே தெரிந்தால் மேலிருந்து கீழாக வாசியுங்கள். நாம் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக்கூடும்.

அறிகுறி 1: டிசம்பரில் நம் அணி ஜெயித்தால் எரிச்சல் வருகிறது

இது அணியின் பழுது அல்ல, ரசிகரின் பழுது. முதல் பிக் கைநழுவிவிடுமே என்ற பயம். 2020-ல் நியூயார்க் ஜெட்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் தோற்றது. அந்த ஆண்டின் கல்லூரி நட்சத்திரம் டிரெவர் லாரன்ஸ் நமக்குத்தான் என்று அதன் ரசிகர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். பிறகு அணி அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை ஜெயித்துத் தொலைத்தது (அதில் ஒன்று எங்கள் பிரௌன்ஸுக்கு எதிராக, வேறு யாருக்கு எதிராக இருக்கும்?). 2-14 (இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி) என்று முடித்த ஜெட்ஸைவிட ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் ஓர் ஆட்டம் குறைவாக வென்றிருந்ததால் லாரன்ஸ் அங்கே போனார். ஜெட்ஸ் இரண்டாம் பிக்கில் ஸாக் வில்சனை எடுத்தது. அவர் தேறவில்லை.

இதைக் காட்டி, தோற்றிருக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு 2023 ஜனவரி 8-ஐக் காட்டுங்கள். ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் தோற்றால் முதல் பிக் அவர்களுக்கு. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் 31-24 என்று முன்னிலை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். நான்காவது முயற்சி, இன்னும் 20 யார்டு போக வேண்டும். டேவிஸ் மில்ஸ் கோட்டுக்கு அப்பால் பந்தை வீசினார், ஜோர்டன் ஏக்கின்ஸ் பிடித்தார்: 31-30. ஒரு புள்ளி உதையோடு ஆட்டத்தைச் சமன் செய்யலாம் என்று பயிற்சியாளர் லவீ ஸ்மித் நினைக்கவில்லை. இரண்டு புள்ளி முயற்சிக்குப் போனார். அதையும் ஏக்கின்ஸே பிடித்தார். 32-31. முதல் பிக் சிகாகோ பேர்ஸுக்குப் போயிற்று. ஸ்மித்துக்கு அன்றிரவே வேலை போயிற்று. இரண்டாம் பிக்கில் டெக்ஸன்ஸ் எடுத்தது சி.ஜே. ஸ்ட்ரௌடை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் அவர். பேர்ஸிடமிருந்து கரோலைனா பேந்தர்ஸ் வாங்கிய அந்த முதல் பிக்கில் போனவர் பிரைஸ் யங்; அவருடைய அணி அதே ஆண்டு 2-15.

செய்ய வேண்டியது: ஜெயித்தால் கொண்டாடுங்கள். ஓர் இடம் மேலே, ஓர் இடம் கீழே என்பதற்கு நீங்கள் நினைக்கும் விலை இல்லை. ஏன் என்பது அறிகுறி 3-ல் வருகிறது.

அறிகுறி 2: குவார்ட்டர்பேக்கை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், ஒருவரும் நிலைப்பதில்லை

தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்தான் குவார்ட்டர்பேக். 1999-ல் பிரௌன்ஸ் மறுபடி லீக்கில் சேர்ந்தபோது முதல் பிக்கில் டிம் கவுச்சை எடுத்தது. பிறகு 2007-ல் பிரேடி குவின், 2012-ல் பிராண்டன் வீடன், 2014-ல் ஜானி மன்ஸீல். மூவரும் எத்தனையாவது பிக் தெரியுமா? மூன்று முறையும் 22. வீடனுக்கு எடுத்த அன்றே வயது 28. முன்பு பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர். அந்த எண்ணைக் கண்டாலே கிளீவ்லாந்தில் நடுங்குவார்கள்.

இந்த அறிகுறிக்கு எல்லோரும் சொல்லும் மருந்து இன்னொரு குவார்ட்டர்பேக். அதை எடுக்குமுன் பின்வருவனவற்றைச் சோதியுங்கள்.

முதலில் அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர், அதாவது ஆஃபென்சிவ் லைன். பந்து கையை விட்டுப் போகும்வரை எதிரணியின் மலைபோன்ற ஆட்களைத் தாங்கிப் பிடிப்பது இவர்கள் வேலை. இவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை; போன ஆண்டு நின்ற ஐவரில் எத்தனை பேர் இந்த ஆண்டும் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றுக்குக் கீழே போனால் பழுது இங்கேதான். 2002-ல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் தன் முதல் டிராஃப்டின் முதல் பிக்கில் டேவிட் காரை எடுத்தது. அந்த ஒரே சீசனில் பந்தை வீசுமுன்னே அவர் தரையில் வீழ்த்தப்பட்டது 76 முறை. ஒரு சீசனில் வேறு எந்தக் குவார்ட்டர்பேக்கும் அத்தனை முறை விழுந்ததில்லை. கார் திறமையற்றவரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். திறமை இருந்திருந்தாலும் எழுந்து நின்று காட்ட நேரம் இருந்திருக்காது.

இரண்டாவது, பயிற்சியாளர். பேக்கர் மேஃபீல்ட் 2018-ல் முதல் பிக்காக பிரௌன்ஸுக்கு வந்தார். மூன்றாவது சீசன் தொடங்கும்போது அவருக்கு அது நான்காவது தலைமைப் பயிற்சியாளர் (ஒருவர் இடைக்காலத்தவர்). ஒவ்வொருவருக்கும் ஒரு தாக்குதல் திட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கேத மொழி. அந்த நான்காமவரோடு 2020-ல் அணி 11-5 என்று முடித்து, சீசனுக்குப் பின் வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 48-37 என்று வென்றது. 1994 சீசனுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி. இரண்டே ஆண்டில் மேஃபீல்டை அனுப்பிவிட்டார்கள். அவர் டாம்பா பே போய் 2023, 2024 இரண்டு ஆண்டும் அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். சாம் டார்னால்டும் அப்படித்தான்: 2018-ல் மூன்றாம் பிக்காக ஜெட்ஸில் வீணானவர், 2024-ல் மினசோட்டா வைகிங்ஸோடு 14 ஆட்டங்களை வென்றார்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சின்சினாட்டிக்காரர்கள் விடமாட்டார்கள். 2020-ல் ஜோ பரோ முதல் பிக்காக பெங்கால்ஸுக்குப் போனார், அந்த ஆண்டே முழங்கால் போயிற்று. 2021-ல் ஐந்தாம் பிக் கையில் இருந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்தது: லைன்மேன் பெனே சூவலை எடுத்துப் பரோவைக் காப்பாற்றுவதா, பந்து பிடிக்கும் ஜமார் சேஸை எடுப்பதா? அணி சேஸை எடுத்தது. நான் அன்று சூவல் பக்கம்; இன்றும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்த சீசனில் லீக்கிலேயே அதிகமாக, 51 முறை வீழ்த்தப்பட்ட பரோ சேஸின் துணையோடு இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கே போய்விட்டார். வழியில் டென்னசி டைட்டன்ஸோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை விழுந்தும் 19-16 என்று வென்றார். கடைசி ஆட்டத்தில் ஏழு முறை விழுந்தார், 23-20 என்று தோற்றார். தேவை முக்கியமா, திறமை முக்கியமா என்ற கேள்விக்கு இரண்டு பக்கத்தாரும் இந்த ஒரே ஆட்டத்தைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். சூவலை ஏழாம் பிக்கில் எடுத்துக்கொண்ட அணி டெட்ராய்ட் லயன்ஸ். அது அடுத்த அறிகுறிக்கு வேண்டும்.

அறிகுறி 3: மேலிடத்துப் பிக் கிடைத்தது, அதைப் போய் விற்றுவிட்டார்கள்

கோபம் வரும், வரட்டும். ஆனால் தொலைபேசியை எடுத்து உள்ளூர் வானொலியில் திட்டுவதற்குமுன் கணக்கைப் பாருங்கள்.

1990-களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் ஆட்கள் ஒரு விலைப்பட்டியல் போட்டார்கள். முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, ஆறாவதுக்கு 1600, பன்னிரண்டாவதுக்கு 1200, முதல் சுற்றின் கடைசி இடமான 32-க்கு 590. அணிகள் பல காலம் இந்தத் தராசில் வைத்துத்தான் பேரம் பேசின. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் இதை அலசிப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னதாக எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட மேலாக வரும் வாய்ப்பு 52 சதவீதம் என்று கண்டார்கள். காசு சுண்டிப் போட்டாலே 50. மேலிடத்துக்குக் கொடுக்கப்படும் விலை மிக அதிகம் என்பது அவர்கள் முடிவு. அப்படியென்றால் விற்பவர் புத்திசாலி, வாங்குபவர் ஏமாளி. பின்னாளில் தேலருக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டது, பொது மேலாளர்கள் இன்னும் மேலிடத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

செய்முறையாகப் பார்க்க வேண்டுமானால் டெட்ராய்ட். 2008-ல் 0-16. அதற்கு முந்தைய ஆண்டுகளில் முதல் சுற்றில் 2003, 2004, 2005 மூன்று முறை தொடர்ந்து ரிசீவரையே (வீசிய பந்தை ஓடிப் பிடிப்பவர்) எடுத்து, ஓராண்டு ஓய்வெடுத்து, 2007-ல் மறுபடி ஒரு ரிசீவரை எடுத்த அணி (அந்த நான்காமவர் கால்வின் ஜான்சன் என்பதால் மன்னிக்கலாம்). 2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும் டான் கேம்பல் பயிற்சியாளராகவும் வந்தார்கள். முதல் வேலையாகப் பன்னிரண்டு ஆண்டு தங்களுக்காக அடிவாங்கிய குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு ராம்ஸ் கழித்துவிட நினைத்த ஜாரட் காஃப், 2021-ன் மூன்றாம் சுற்றுப் பிக், 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்றுப் பிக்குகள். ஸ்டாஃபர்ட் போன முதல் ஆண்டே சூப்பர் பௌலை வென்றார். பரோவை அந்தக் கடைசி ஆட்டத்தில் தோற்கடித்தவர் அவர்தான். டெட்ராய்ட்டில் அதற்கும் கைதட்டினார்கள், அழுதுகொண்டே.

அடுத்த ஆண்டு ராம்ஸ் 5-12 என்று சரிந்தது, அதன் 2023 பிக் ஆறாம் இடமாகிவிட்டது. ஆறாம் இடத்தில் நட்சத்திரத்தை எடுங்கள் என்று ஊர் காத்திருந்தது. ஹோம்ஸ் அதையும் அரிசோனா கார்டினல்ஸுக்கு விற்றார். கொடுத்தது 6, 81. வாங்கியது 12, 34, 168. ஜான்சன் பட்டியலில் போட்டுப் பாருங்கள்: கொடுத்தது 1600-ம் 185-ம், வாங்கியது 1200, 560, மேலே ஓர் இருபத்துச் சொச்சம். புள்ளி சமம். ஆனால் பட்டியலே மேலிடத்துக்கு விலை ஏற்றி வைத்திருக்கிறது என்பதால் லாபம் கீழே இறங்கியவருக்கு. 12-ல் பந்தோடு ஓடும் ஜமீர் கிப்ஸ், 34-ல் சாம் லபோர்ட்டா. இருவரும் வந்த நாளிலிருந்தே ஆடினார்கள். அந்த ஆண்டு லயன்ஸ் 12-5. 1991 சீசனுக்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃபில் வென்றது. 2024-ல் 15-2.

சரிபார்க்க வேண்டியது: விற்றவர் எத்தனை பிக் சேர்த்தார் என்பது மட்டும் போதாது, சேர்த்ததைக் கொண்டு ஆளை எடுக்கத் தெரிந்தவரா என்பதும் வேண்டும். 2016-ல் பிரௌன்ஸும் இதையே செய்தது. இரண்டாம் பிக்கை ஈகிள்ஸுக்கு விற்று எட்டுக்கு இறங்கி, அங்கிருந்தும் விற்று 15-க்கு இறங்கி, கடைசியில் எடுத்தது கோரி கோல்மன் என்ற ரிசீவரை. இரண்டே சீசனில் அவர் போய்விட்டார். இறங்குவது சரி, இறங்கிய இடத்தில் கண் திறந்திருக்க வேண்டும்.

அறிகுறி 4: முதல் சுற்று நடக்கிறது, நம் அணியின் பெயரே வரவில்லை

பிக் முழுவதையும் ஒரே ஆளுக்காகக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். இந்தப் பழுதை எங்கள் அணியைவிட விரிவாக யாராலும் செய்து காட்ட முடியாது.

2017-ல் ஈகிள்ஸிடமிருந்து வந்த 12-ஆம் பிக் பிரௌன்ஸ் கையில் இருந்தது. அதை டெக்ஸன்ஸுக்கு விற்றது. டெக்ஸன்ஸ் அதில் எடுத்தது டெஷான் வாட்ஸன் என்ற குவார்ட்டர்பேக்கை. விற்றதற்குக் கிடைத்த 2018 பிக் நான்காம் இடமாக வந்தது, அதில் டென்ஸல் வார்ட் கிடைத்தார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022-ல் அதே வாட்ஸனை அதே டெக்ஸன்ஸிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். விலை: 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுப் பிக்குகள், அவற்றோடு சில்லறையாக இன்னும் மூன்று. அவருக்கு ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர், ஒவ்வொரு காசும் உறுதி செய்யப்பட்டது. அவர்மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் வழக்கு தொடுத்திருந்த நேரம் அது. லீக் 11 ஆட்டத் தடை விதித்தது. அதற்குப்பின் காயங்கள்.

இனி அந்த 2023-ஆம் ஆண்டுப் பிக்கின் பின்னால் போய்ப் பாருங்கள். 2022-ல் பிரௌன்ஸ் 7-10 என்று முடித்ததால் அது 12-ஆம் இடம், மறுபடியும் 12. டெக்ஸன்ஸ் அதை மற்றப் பிக்குகளோடு அரிசோனாவுக்குக் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தது. அரிசோனா அதையே டெட்ராய்ட்டுக்குக் கைமாற்றியது. ஆம், மேலே சொன்ன ஜமீர் கிப்ஸ் எங்கள் பிக்கில் போனவர். ஆண்டர்சன் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தற்காப்பு ஆட்டக்காரர். 2024 ஜனவரியில் பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே டெக்ஸன்ஸும் பிரௌன்ஸும் மோதின. 45-14. யார் 45 என்று சொல்லத் தேவையில்லை.

சான் பிரான்சிஸ்கோ 49-எர்ஸும் 2021-ல் ட்ரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்காக இப்படிக் கொட்டிக் கொடுத்தது. அவர்களைக் காப்பாற்றியது 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆம் பிக் பிராக் பர்டி. அந்த அதிர்ஷ்டத்தைத் திட்டமாக எழுதிக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டியது: குழியில் விழுந்தபின் மறுபடி நிறையப் பிக்குகளைச் சேர்ப்பதுதான் வழி. 2025-ல் இரண்டாம் பிக் கிடைத்தபோது பிரௌன்ஸ் அதை ஜாகுவார்ஸுக்கு விற்று, பதிலுக்கு 5, 36, 126, அவற்றோடு 2026-ன் முதல் சுற்றுப் பிக்கையும் வாங்கியது. ஜாகுவார்ஸ் எடுத்தது டிராவிஸ் ஹன்ட்டரை. தாக்குதல், தற்காப்பு இரண்டும் ஆடக்கூடிய அபூர்வப் பிறவியை விட்டுவிட்டார்களே என்று எங்கள் ஊரில் பலர் தலையில் கை வைத்தார்கள். எனக்கு அன்றிரவு நிம்மதியான தூக்கம்.

அறிகுறி 5: எடுத்த இளைஞர் ஓராண்டாகியும் ஒன்றும் செய்யவில்லை

நாற்று நட்ட மறுவாரமே கதிர் எங்கே என்று கேட்கும் நோய் இது. ஜாஷ் ஆலன் 2018-ல் ஏழாம் பிக்காக பஃபலோவுக்குப் போனார். முதல் ஆண்டு அவர் வீசியதில் இலக்கை அடைந்தது 52.8 சதவீதம். ஊர் சிரித்தது. மூன்றாம் ஆண்டு 69.2. இடையில் அவருக்கு ஒரே தலைமைப் பயிற்சியாளர், நாளுக்குநாள் தேறிய லைன், 2020-ல் பக்கத்தில் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவர்.

எவ்வளவு காலம் பொறுப்பது என்பதற்கு லீக்கே ஓர் அளவு வைத்திருக்கிறது. முதல் சுற்று ஒப்பந்தம் நான்கு ஆண்டு. ஐந்தாவதாண்டு வேண்டுமா என்று மூன்று சீசன் முடிந்ததும் அணி முடிவு செய்ய வேண்டும். ரசிகரும் அதுவரை வாயைக் கட்டலாம். பணமும் முன்போல் இல்லை. 2010-ல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர். 2011-ல் புதுமுகச் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த ஆண்டின் முதல் பிக் காம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 2 கோடியே 20 லட்சம். இன்று இளைஞர் தவறினால் அணி திவாலாகாது. அவர் தேறினால், மிச்சப்படும் பணத்தில் சுற்றிலும் ஆள் சேர்க்க மூன்று நான்கு ஆண்டு கிடைக்கும். அந்த ஆண்டுகளில் மேலாளர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். இளைஞரைத் திட்டுவதற்கு நேரம் பிறகும் இருக்கிறது.

அறிகுறி 6: நிபுணர்கள் நம் டிராஃப்டுக்கு மோசமான மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்

கிழித்துப் போடுங்கள். கிப்ஸை எடுத்த அன்று, ஓடுபவரை யாராவது 12-ஆம் பிக்கில் எடுப்பார்களா என்று டெட்ராய்ட்டுக்கு விழாத ஏச்சு இல்லை. நல்ல மதிப்பெண் போட்டிருந்தாலும் கிழித்துத்தான் போட வேண்டும்.

அறிகுறி 7: உலகத் தரத்தில் ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார், அணி மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கிறது

ஜோ தாமஸைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 2007-ல் மூன்றாம் பிக். நியூயார்க் மேடைக்கு வரச்சொல்லி அழைத்தும் போகாமல், டிராஃப்ட் நடந்த நாளில் மிஷிகன் ஏரியில் அப்பாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் பிரௌன்ஸ் ஆஃபென்சிவ் லைனின் இடது முனையில், பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும், தொடர்ச்சியாக 10,363 முறை நின்றார், ஒன்றைக்கூடத் தவறவிடாமல். 2017-ல் கைத்தசை கிழிந்தபோதுதான் கணக்கு நின்றது. 2023-ல் ஹால் ஆஃப் ஃபேம். இத்தனைக்கும் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட அவர் கால் வைத்ததில்லை. அவர் வந்த முதல் ஆண்டு அணி 10-6 என்று முடித்தும் பிளேஆஃப் தவறிப்போயிற்று; அதைவிட நல்ல ஆண்டு அவருக்கு வாய்க்கவே இல்லை.

முதல் சுற்று சரியாக இருந்தும் இந்த அறிகுறி தெரிந்தால், பழுது டிராஃப்டின் பிந்திய சுற்றுகள் நடக்கும் இரண்டாம் நாளிலும் மூன்றாம் நாளிலும் இருக்கிறது. பெரும்பாலானோர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போகும் நாட்கள் அவை. 2021-ல் டெட்ராய்ட் எடுத்த சூவலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் அலிம் மெக்நீல், நான்காம் சுற்றில் 112-ஆம் பிக்காக அமான்-ரா செயின்ட் பிரௌன். தனக்குமுன் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் செயின்ட் பிரௌன் மனப்பாடமாகச் சொல்வார். யாரை எந்த அணி எடுத்தது என்பதையும் சேர்த்து. அவர்களில் பலருடைய பெயர் இன்று நமக்கே நினைவில்லை. உங்கள் அணி கடந்த நான்கு டிராஃப்டுகளில் மூன்றாம் சுற்றுக்குப்பின் எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்று தொடக்க வரிசையில் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் நிறையாவிட்டால், முதல் பிக்கில் தேவேந்திரனே வந்தாலும் நிலைமை மாறாது.

அறிகுறி 8: மேலே சொன்ன எல்லாவற்றையும் சோதித்தாகிவிட்டது, பழுது தெரியவில்லை

அப்படியானால் அது உரிமையாளர் பெட்டியில் இருக்கிறது. அங்கே இருப்பவரை டிராஃப்ட் செய்ய முடியாது, விற்கவும் முடியாது. (கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் விதிவிலக்கு, அது ஊர்மக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் அணி.) 2012-ல் பிரௌன்ஸின் உரிமை கைமாறியது. 2013-ல் வந்த பயிற்சியாளருக்கு ஒரே சீசன், அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு இரண்டரை, 2019-ல் வந்தவருக்கு மறுபடி ஒன்று. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஆளை டிராஃப்டில் கேட்டார். அடுத்தவருக்கு அந்த ஆள் வேண்டாதவராகப் போனார்.

உரிமையாளரைச் சோதிக்க வசதியான நேரம், அணி நன்றாக அடிவாங்கிக்கொண்டிருக்கும் அக்டோபர் மாதம். 2022 அக்டோபரில் டெட்ராய்ட் 1-5 என்று கிடந்தது. ஹோம்ஸும் கேம்பலும் தொலைந்தார்கள் என்று பேச்சு அடிபட்டது. உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் தானே செய்தியாளர்கள் முன் வந்து, இருவர்மீதும் நம்பிக்கை இருக்கிறது, எதையும் கலைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆட்டமும் தோல்வி, 1-6. மீதமிருந்த பத்தில் எட்டை வென்றார்கள். உங்கள் அணி உரிமையாளர் அக்டோபரில் என்ன பேசுகிறார் என்பதைக் குறித்து வையுங்கள். ஏப்ரலில் அவர் பேசுவதைக் கேட்கத் தேவையில்லை. ஏப்ரலில் 32 பேரும் ஒன்றையேதான் சொல்வார்கள்.